உறையாத ரத்தமும் இறங்காத கொடியும்

அந்தப் பெண் கண்ணாடிக் குழாயை மெல்லச் சாய்த்தாள்.

சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். சிவப்பு மூடி. உள்ளே இருந்தது என் வீட்டுக்காரரின் ரத்தம். சாய்த்த பக்கமெல்லாம் ஓடியது. நிமிர்த்தினாள், திரும்பி வந்தது. பக்கத்தில் தாங்கியில் இன்னும் நாலைந்து குழாய்கள் நின்றிருந்தன. அதில் ஒன்றை எடுத்து அதே மாதிரி சாய்த்தாள். அது அசையவில்லை. நன்றாகத் தோய்ந்த தயிர் கிண்ணத்தில் நிற்பது போல நின்றது.

"பாத்தீங்களாம்மா? இது வேற ஒருத்தரோடது. எடுத்து அரை மணி நேரத்துல இப்புடி கெட்டியாயிடணும். அய்யாவோடது மத்தியானம் எடுத்தது. இன்னும் தண்ணியா இருக்குது. அதான் உங்களுக்கு போன் மேல போன் போட்டேன்."

அவள் போட்டிருந்த மெல்லிய கையுறைக்குள் விரல் நுனிகளில் மருதாணிச் சிவப்பு தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். புரதம் என்றால் பருப்பிலும் முட்டையிலும் இருப்பது என்று மட்டும்தான் தெரியும். ரத்தத்திலும் ஒரு புரதம் இருக்கிறது, அது குறைந்தால் உள்ளே பட்ட காயம் எவ்வளவு பெரியது என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட விதம்தான் கொடுமை.

இரண்டு மூன்று வருஷம் இருக்கும். எங்கள் ஊரில் தீமிதிக்குக் காப்பு கட்டியிருந்த நேரம்.

விறகு வண்டி

எங்கள் ஊர் பாகூர் ஏரிக்குப் பக்கம். நெல்லும் கரும்பும்தான் பிழைப்பு. ஊருக்கு ஒரு திரௌபதி அம்மன் கோயில். வெயில் காலத்தில் கொடியேற்றி, மஞ்சள் கொம்பு வைத்துக் காப்பு கட்டி, கடைசியில் தீமிதிப்பார்கள்.

கொடி ஏறிவிட்டால் ஊருக்கே கட்டுப்பாடு. யார் வீட்டிலும் மீன், கறி அடுப்பேறாது. உலக்கைச் சத்தம் கேட்காது. காப்பு கட்டியவர்களுக்கு இன்னும் கடுமை. ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை. வேலைக்காக எல்லைக் கல்லைத் தாண்டிப் போகலாம். ஆனால் விளக்கு வைப்பதற்குள் ஊருக்குள் வந்துவிட வேண்டும். வெளியூரில் படுக்கவே கூடாது. கட்டின காப்பு அத்தனையும் அவிழ்த்த பிறகுதான் கொடி இறங்கும். இதெல்லாம் எங்கள் ஊர் முறை. பக்கத்து ஊரில் வேறு மாதிரி இருக்கலாம்.

என் வீட்டுக்காரர் ராமலிங்கம் அந்த வருஷம்தான் முதல்முதலாகக் காப்பு கட்டினார். எனக்காக.

முன்பு ஒரு வாரம் இதே பக்கத்தில் என் கர்ப்பப்பை ஆபரேஷனைப் பற்றி எழுதியிருந்தேன். கட்டி எந்த மாதிரி கட்டியோ என்று சோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த நாட்களில், இந்த மனுஷன் எனக்குத் தெரியாமல் கோயிலுக்குப் போய், நல்லபடியாக வந்தால் தீ மிதிக்கிறேன் என்று நேர்ந்துகொண்டு வந்துவிட்டார். நல்லபடியாகவே வந்தது. மத்தியான நேரத்தில் தார் ரோட்டில் செருப்பில்லாமல் இரண்டு அடி வைத்தால் "ஆத்தாடி" என்று குதிக்கிற ஆள் அவர். "நீங்களா தீ மிதிக்கப் போறீங்க?" என்று நான் சிரித்தேன். "தீ சுடாதாம்டி. ரோடுதான் சுடும்" என்றார்.

தீமிதிக்கு ஐந்து நாள் முன்னால், காலையில், தீக்குழிக்கு டிராக்டரில் விறகு வந்தது. இவர் டிரெய்லரின் மேலே ஏறி நின்று கட்டைகளைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு கட்டை உருண்டது. இவரும் உருண்டார். கீழே விழும்போது இடது விலாவில் டிரெய்லர் விளிம்பு இடித்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது எழுந்து உட்கார்ந்து வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. விலாவில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

"அம்மன் வேலையில வுழுந்தவனுக்கு இன்னா ஆவும்? ஒண்ணும் ஆவாது" என்றார்.

எல்லோரும் ஆமாம் என்றார்கள். நானும்தான் சொன்னேன்.

நான் போட்ட கையெழுத்து

கொழுந்தன் சேகர்தான் கேட்கவில்லை. அவனிடம் சொந்த வேன் இருக்கிறது. "அண்ணி, சும்மா காட்டிட்டு வந்துடலாம். விளக்கு வக்கிறதுக்குள்ள நான் இட்டாந்து வுட்டுடறேன்" என்றான். கரிக்கலாம்பாக்கம், வில்லியனூர் வழியாக, மூலக்குளம் நெரிசலையும் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

சின்ன வயசு டாக்டரம்மா. வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கையில் ரத்தம் எடுத்தார்கள். சிவப்பு மூடியில் ஒன்று, நீல மூடியில் ஒன்று, இன்னும் ஏதோ ஒன்று. ஸ்கேன் எடுக்க முன்னால் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். "எப்படியும் இன்னைக்கு அட்மிட் ஆகணும். ஒரு நாள் வச்சுப் பார்க்கணும்" என்றார் டாக்டரம்மா.

இவர் மணிக்கட்டைத் தூக்கிக் காப்பைக் காட்டினார். "முடியாதும்மா. நான் ஊருக்குப் போயாவணும்."

"வேர்த்துக் கொட்டுதே உங்களுக்கு?"

"வெரதம்மா. ஒருவேளைச் சாப்பாடு."

நான்தான் அப்படிச் சொன்னேன். அவர் முகம் வெளுத்திருந்தது உண்மை. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. இடது தோள் வலிக்கிறது என்று வேறு சொன்னார். விரதக் களைப்பு, விறகு தூக்கிய வலி என்று நானே ஒவ்வொன்றுக்கும் காரணம் வைத்திருந்தேன். விரதம் இருக்கிற உடம்பு வேர்த்தால் நாங்கள் பயப்படுவதில்லை. அது அம்மன் ஏற்றுக்கொண்ட அடையாளம் என்றுதான் நினைப்போம்.

டாக்டரம்மா எவ்வளவோ சொன்னார். கடைசியில் ஒரு தாளை நீட்டினார். 'எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்' என்று அதில் இருந்தது. அம்சவேணி என்று நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டேன். கீழே போன் நம்பர் கேட்டிருந்தார்கள். அதையும் எழுதினேன்.

வேனில் ஏறும்போது இவர் சொன்னார், "ஒனக்குத்தான்டி தைரியம்."

அது தைரியம் இல்லை. பயம். எனக்காக நேர்ந்துகொண்டதை நாங்களே உடைத்துவிட்டால், போன கட்டி திரும்பி வந்துவிடுமோ என்ற பயம். அவர் உடம்பில் என்ன நடக்கிறது என்பதைவிட என் உடம்பில் என்ன நடக்குமோ என்று பயந்து போட்ட கையெழுத்து அது. யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

மேளச் சத்தத்தில் கேட்காத மணி

வீட்டுக்கு வந்ததும் குளித்தார். நான் தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டதும் கோயிலுக்குப் போய்விட்டார். போனைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு மாவிளக்குக்கு அரிசி ஊற வைத்தேன். கோயிலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மேளம் நின்றபோதுதான் மணி அடிப்பது கேட்டது. எடுத்தேன். அதற்கு முன்னால் இரண்டு முறை அடித்து ஓய்ந்திருந்தது.

"ராமலிங்கம் அய்யா வூடுதானே? நான் ஆஸ்பத்திரி லேப்லேர்ந்து ஷாகிதா பேசுறேன்மா. அய்யா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காருமா. கோயில்ல இருக்காரு. இன்னா விஷயம்?"

"ரத்தத்துல உறையிற சத்து ரொம்பக் கம்மியா இருக்குதும்மா. பாதிக்கும் கீழ. உள்ளாற பெரிய அடி இருக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. ஒடனே இட்டாந்துடுங்க. யோசிக்காதீங்கம்மா. எங்க அப்பாவா இருந்தா நான் யோசிக்க மாட்டேன்."

பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவரின் ரத்தம் அது. அதை ஒதுக்கி வைத்திருந்தாலும் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து தாங்கியைப் பார்த்தவள், இது ஒன்று மட்டும் கெட்டிப்படாமல் இருக்கிறதே என்று எடுத்துச் சாய்த்திருக்கிறாள். குழாயில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தாளாம். அப்புறம் மனசு கேட்காமல் நீல மூடிக் குழாயை எடுத்து, உறையும் புரதத்துக்கான சோதனையை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். வந்த அளவைப் பார்த்ததும் டாக்டரம்மாவிடம் ஓடியிருக்கிறாள். வில்லியனூரில் பாத்திரக் கடை வைத்திருப்பவரின் பெண். பாத்திரம் தட்டிப் பார்த்து வாங்குகிற மாதிரி எதையும் ஒரு தரம் தட்டிப் பார்த்துவிடுவாள் போல.

கொடிமரத்தடியில்

கோயிலுக்கு எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. இவர் மண்டபத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு காய்ந்து வெண்மை பூத்திருந்தது. கையைத் தொட்டேன். வெயில் காலத்தில் அப்படி ஒரு சில்லிப்பு.

"எழுந்திருங்க. ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துது. ஒடனே வரணுமாம்."

"இப்பப் போனா விளக்கு வக்கிறதுக்குள்ள வர முடியாதுடி. படுக்க வச்சிடுவாங்க."

"படுக்க வைக்கட்டும்."

"புரியாம பேசாத அம்சு. ஒனக்குன்னு நேர்ந்துகிட்டது. ஒடைச்சா ஒனக்குத்தான் ஆவும்."

அவரும் அதே பயத்தில்தான் இருந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல் ஒரே பயத்தை வைத்துக்கொண்டு காலையிலிருந்து சுற்றியிருக்கிறோம்.

"எனக்கு ஆனா ஆவட்டும்" என்று கத்தினேன். கோயிலுக்குள் அதுவரை நான் குரல் உயர்த்தியதில்லை. "நீங்க இல்லாம நான் மட்டும் நல்லா இருந்து இன்னா பண்ணப் போறேன்? அம்மனே வந்து கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கிறேன்."

கூட்டம் கூடிவிட்டது. "காப்பு கட்டினவனை எப்புடி வெளியூர்ல படுக்க வக்கிறது?" என்று ஒருவர். "அப்ப காப்பை அவுத்துட்டுப் போவட்டும்" என்று இன்னொருவர். "நடுவுல அவுத்தா ஊருக்கு ஆவாதுபா" என்று மூன்றாவது ஆள். சேகருக்குக் கோபம் வந்துவிட்டது. "பொணமா வந்தா மட்டும் ஊருக்கு ஆவுமா?" என்றான்.

பூசாரி கோவிந்தன் கருவறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கையிலும் காப்பு. பிறகு விடுவிடுவென்று போய், கொடிமரத்தடியில் குனிந்து, ஒரு பிடி மண்ணை அள்ளினார். தோளில் கிடந்த துண்டைக் கிழித்து அதில் முடிந்தார்.

"லிங்கம், இதைத் தலமாட்டுல வச்சிக்க. கொடிமரத்தடி மண்ணு எங்க இருக்குதோ அங்கதான் நம்ம ஊரு. நீ எல்லையைத் தாண்டலை. கெளம்பு."

"பூசாரி, இது எந்த ஊர் மொறை?" என்று கேட்டார் ஒரு பெரியவர்.

"இன்னிலேர்ந்து நம்ம ஊர் மொறைதான். வழி வுடுங்க."

இவர் எழுந்து நின்றார். நின்றவர் அப்படியே சேகர் மேல் சாய்ந்தார்.

மணல் மூட்டைகள்

மூலக்குளத்தில் வண்டிகள் நகரவே இல்லை. சேகர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. இவர் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். மண் முடிச்சை நெஞ்சில் பிடித்திருந்தார். "தாகமா இருக்குதுடி" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தேன். எத்தனை முறை சொன்னேன் என்று அவளுக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே தள்ளுவண்டியோடு நின்றிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் வரிசையெல்லாம் இல்லை, நேராக ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்ற இடம் லேபுக்கு முன்னால். அங்கேதான் ஷாகிதா வெளியே வந்து என்னை அழைத்துப்போய், முதலில் எழுதினேனே, அந்தக் குழாயைச் சாய்த்துக் காட்டினாள்.

டாக்டரம்மா வந்தார். மத்தியானம் நான் போட்ட கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுவரை அந்த அம்மாவை நான் கும்பிடுவது அதற்காகவும்தான்.

"மண்ணீரல் கிழிஞ்சிருக்கும்மா. உள்ளேயே ரத்தம் கட்டியிருக்கு. ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும்."

"வெளிய ஒரு சொட்டு ரத்தம் வரலையே டாக்டர். கையில எடுத்த ரத்தத்தை வச்சி வயித்துல அடி பட்டுதுன்னு எப்புடித் தெரியும்?"

அந்த அவசரத்திலும் நின்று சொன்னார். "ஃபைப்ரினோஜென்னு ஒரு புரதம் இருக்கும்மா. எங்க காயம் பட்டாலும் அங்க ஓடிப்போய் வலை மாதிரி பின்னிக்கிட்டு அடைக்கும். சின்னக் காயம்னா கொஞ்சம்தான் செலவாகும். பெரிய காயம்னா உடம்புல இருக்கிறதையெல்லாம் இழுத்துக்கும். கையில எடுத்த ரத்தத்துல அது இல்லைன்னா, எல்லாம் எங்கயோ போய்க்கிட்டு இருக்குன்னு அர்த்தம்."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எப்படி என்றால், பழைய மழை ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

நான் கல்யாணமாகி வந்த புதிது. விடாமல் பெய்த ஒரு வருஷம். ஏரிக்கரையில் எங்கோ உடைப்பு என்று ஆண்களெல்லாம் ஓடிவிட்டார்கள். பெண்கள் நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தோம். உடைப்பு எந்தப் பக்கம், எவ்வளவு அகலம், ஒன்றும் தெரியாது. எதிரே மணல் மூட்டை அடுக்கும் கொட்டகை. காலையில் கூரை முட்ட அடுக்கியிருந்ததை நானே பார்த்தேன். மத்தியானம் ஒருத்தி போய்த் தார்ப்பாயை விலக்கிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள்.

"இன்னாக்கா?" என்றேன்.

"ஒரு மூட்டைகூட இல்லடி. எல்லாத்தையும் தூக்கினு பூட்டாங்க. ஒடப்பு சின்னது இல்ல. குழந்தைங்கள எழுப்புங்க."

உடைப்பைக் கண்ணால் பார்க்காமலே காலிக் கொட்டகையைப் பார்த்துச் சொன்னாள். மேட்டுத் தெருவுக்கு ஏறினோம். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குள் முழங்கால் தண்ணீர்.

இவர் கையில் எடுத்த ரத்தமும் அந்தக் கொட்டகை மாதிரிதான். மூட்டையெல்லாம் உள்ளே எங்கோ உடைப்பை அடைக்கப் போய்விட்டது. ஷாகிதா தார்ப்பாயை விலக்கிப் பார்த்தவள்.

"புரிஞ்சிதும்மா" என்றேன் டாக்டரம்மாவிடம். "மூட்டை தீர்ந்துபோச்சி. அப்ப புது மூட்டை எங்கேர்ந்து வரும்?"

அவர் ஒரு கணம் முழித்தார். பிறகு புரிந்துகொண்டு, "நாங்க ஏத்துறோம். அந்தப் புரதத்தையே பையில வச்சிருக்கோம்" என்றார். மஞ்சளாக, நீர்த்த பானகம் மாதிரி இருந்த பைகளைக் கொண்டுபோவதைப் பார்த்தேன். யார் யாரோ எப்போதோ கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்ததாம். பேர் தெரியாத அந்த ஜனங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

மறுபடி ஒரு தாள். மறுபடி கையெழுத்து. இந்தத் தடவை என் பேரின் கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

டப்பா

ஆபரேஷன் அறை வாசலில் ஒரு நர்ஸம்மா நிறுத்தினார். நல்ல அதட்டல் குரல்.

"இன்னா மூட்டை அது நெஞ்சுல? மண்ணா? ஆபரேஷன் தியேட்டருக்குள்ள மண்ணா? யாரும்மா நீங்கல்லாம்?"

சேகர் விஷயத்தைச் சொன்னான். எல்லை, காப்பு, பூசாரி எல்லாம். நர்ஸம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"கையில அந்தக் கயிறை வெட்டணும்."

"வெட்டாதீங்க" என்று இவர் முனகினார். கண்ணைத் திறக்க முடியவில்லை, காப்பை மட்டும் இன்னொரு கையால் மூடிக்கொண்டார்.

டாக்டரம்மா உள்ளிருந்து எட்டிப் பார்த்து, "சுத்தம் பண்ணி மேல பிளாஸ்திரி சுத்திடுங்க சிஸ்டர். ஊசிக்கு அந்தக் கை வேணாம், வேற கை எடுத்துக்கலாம்" என்றார்.

"சரி, மண்ணு?"

நர்ஸம்மாவே உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் டப்பா கொண்டுவந்தார். வெள்ளை டப்பா, திருகு மூடி. முடிச்சோடு அதற்குள் போட்டு இறுக்கித் திருகி, மேலே ஒட்டியிருந்த சீட்டில் 'ராமலிங்கம்' என்று எழுதி என் கையில் கொடுத்தார்.

"உள்ள வராது. கதவுக்கு இந்தப் பக்கம் நீங்க பிடிச்சுக்கினு உக்காருங்க. ஒங்க ஊரு இங்கேர்ந்து பத்தடி, அவ்ளோதான். அம்மனுக்குப் பத்தடி தெரியாதா?"

கதவு மூடியது. நான் அந்த டப்பாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு எங்கள் ஊர் முழுக்க என் இரண்டு உள்ளங்கைக்குள் இருந்தது.

மறுநாள் மத்தியானம்தான் இவர் கண்ணைத் திறந்தார். நான் பக்கத்தில் போனேன். உதட்டை ஈரத் துணியால் துடைத்தேன். ஏதோ கேட்டார். காதை வைத்துக் கேட்டேன்.

"எல்லையைத் தாண்டிட்டனா?"

டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தேன். "இல்லிங்க. ஊருலதான் இருக்கீங்க."

பிடித்துக்கொண்டார். கண்ணோரம் தண்ணீர் இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன்டி, இது மூத்திரம் புடிச்சித் தர்ற டப்பா இல்ல?"

"புதுசுதாங்க" என்றேன்.

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பில்லை, அழுகைதான் வந்தது. முந்தின நாள் காலையிலிருந்து அடக்கி வைத்தது எல்லாம்.

அன்று சாயங்காலம் ஷாகிதா வேலை முடிந்து வார்டுக்கு வந்தாள். "இன்னிக்கு எடுத்தது எப்புடிம்மா இருக்குது?" என்று கேட்டேன். அவள் கையைக் குழாய் பிடிக்கிற மாதிரி வைத்து, சாய்த்துக் காட்டினாள். "ஓடலைம்மா. நின்னுடுச்சு."

நான் கும்பிட்டேன். "அய்யோ, என்னையப் போயி கும்பிடுறீங்களே" என்று என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

கொடி

தீமிதி அன்று நாங்கள் ஆஸ்பத்திரியில்தான் இருந்தோம். தீ மிதிக்கிற நேரத்தில் இவர் பிளாஸ்திரி சுற்றிய மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நேர்ந்துகொண்டதைச் செய்ய முடியவில்லையே என்று அவருக்கு. உயிரோடு இருக்கிறாரே என்று எனக்கு. அதற்கு நடுவில் ஊர் என்ன பேசுமோ என்று இரண்டு பேருக்கும்.

பத்து நாள் கழித்துத்தான் விட்டார்கள். பாரம் தூக்கக்கூடாது, மண்ணீரல் இல்லாததால் காய்ச்சல் வந்தால் உடனே ஓடி வர வேண்டும், கொஞ்ச நாளைக்குக் கஞ்சிதான் என்று ஆயிரம் சொல்லி, தடுப்பூசியும் போட்டு அனுப்பினார்கள்.

சேகரின் வேன் கரிக்கலாம்பாக்கம் தாண்டி, வயல்வெளியில் திரும்பியது. தென்னைகளுக்கு மேலே கோயில் தெரிந்தது. இவர்தான் முதலில் பார்த்தார்.

"அம்சு. கொடி எறங்கலை."

மஞ்சள் கொடி, வெயிலில் கொஞ்சம் வெளுத்து, அசைந்துகொண்டிருந்தது. தீமிதி முடிந்து ஐந்து நாளாகிவிட்டது. வழக்கமாக மறுநாளே இறங்கிவிடும்.

"சேகரு, இன்னாடா இது?"

சேகர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தான். "ஒன் காப்பு அவுக்கலையேண்ணே. எல்லாக் காப்பும் அவுத்தாதான் கொடி எறங்கும்னு பூசாரி சொல்லிட்டாரு. யாரும் ஒரு வார்த்தை பேசலை. வாய்க்கு ருசியா தின்னு எத்தினி நாளாவுதுன்னு மட்டும் பேசிக்கினு இருக்காங்க."

எல்லைக் கல்லருகில் வேனை நிறுத்தச் சொன்னார். என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அங்கே பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். அன்றைக்கு எந்த ஊர் முறை என்று கேட்ட அந்தப் பெரியவரும் இருந்தார்.

"ஒன் மண்ணீரலால எங்களுக்கு மீன் கொழம்பு போச்சிடா லிங்கம்" என்றார் அவர். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். துண்டால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்துவிட்டேன்.

கொடிமரம் வரைக்கும் மெதுவாக நடந்தோம். இவர் டப்பாவைத் திறந்து, முடிச்சை அவிழ்த்து, மண்ணை எடுத்த இடத்திலேயே போட்டார். பூசாரி மணிக்கட்டிலிருந்த பிளாஸ்திரியைப் பிரித்து, காப்பை அவிழ்த்து, சொம்புத் தண்ணீரில் போட்டார்.

"பூசாரி, மண்ணு போதும்னு அம்மன் சொன்னாளா ஒங்களுக்கு?" என்று நான் தனியாகக் கேட்டேன்.

"தெரியலை அம்சு. வாயில வந்துது. சொல்லிட்டேன். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல எனக்கு. இவன் நல்லபடியா வரணும்னு நானும் ஒண்ணு நேர்ந்துகிட்டேன்."

"இன்னா நேர்ந்துகிட்டீங்க?"

"அடுத்த வருஷம் வழக்கம் போல மொதல்ல நான் மிதிச்சிட்டு, இவன் மிதிக்கும்போது இவன் பின்னாலயே ரெண்டாவது தடவையும் மிதிக்கிறேன்னு" என்றார்.

பிறகு கொடியை இறக்கினார்கள்.

அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் மீன் குழம்பு கொதித்தது. புளியும் மிளகாயும் சேர்ந்து தெருவே மணத்தது. எங்கள் வீட்டில் மட்டும் கஞ்சி. இவர் ஒரு வாய் குடிப்பார், ஜன்னல் பக்கம் மூக்கைத் திருப்பி ஒரு மூச்சு இழுப்பார், மறுபடி ஒரு வாய் குடிப்பார்.